குறையாத உருளைக்கிழங்கு

ஹென்னிங் ப்ராட் நீர்மூழ்கியில் சேர்ந்ததற்குக் காரணம் வீரம் அல்ல, வாந்தி.

எக்கர்ன்ஃபோர்டே துறைமுகத்தில், மீனுக்குப் புகை போட்டு விற்கிற வீட்டில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கீல் ரயில் நிலைய உணவகத்தில் நிம்மதியாக சூப் கிண்டிக்கொண்டிருந்தவனை, உலகப்போர் மூண்ட மறு வருஷம், நாற்பதாம் ஆண்டில் பிடித்துக் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் சமையல்காரனாகப் போட்டார்கள். மூன்று மாதத்தில் அவன் சமைத்ததைவிடக் கக்கியது அதிகம். அப்போது ஒரு புண்ணியவான், நீர்மூழ்கிக்குப் போ, தண்ணீருக்கு அடியில் அலையே கிடையாது என்று காதில் ஓதினான். ஹென்னிங் அன்றைக்கே மனு எழுதிப் போட்டான். அந்தக் காலத்து நீர்மூழ்கி தண்ணீருக்குள் குடியிருக்கிற கப்பல் இல்லை, ஆபத்து வந்தால் தண்ணீருக்குள் ஒளிந்துகொள்கிற கப்பல். மீதி நேரமெல்லாம் மேலேதான் மிதக்கும், அதுவும் காலிப் பீப்பாய் மாதிரி உருண்டுகொண்டே. இதை அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

ஆனாலும் ஹென்னிங்குக்கு ஒரு அதிர்ஷ்டம் அடித்தது. அவனுக்குக் கிடைத்த படகு உருப்படாத படகு. நாற்பத்தொன்றாம் ஆண்டு கட்டி முடித்து வெள்ளோட்டம் விட்ட இரண்டாவது வாரமே இன்னொரு நீர்மூழ்கி அதன் விலாவில் வந்து முட்டியது. நெளிந்த இரும்பைத் தட்டி நிமிர்த்தினார்கள். மற்ற படகுகள் இருநூறு மீட்டர் ஆழம் போகும்போது இது அறுபதைத் தாண்டக்கூடாது என்று சீட்டு எழுதி, அட்லாண்டிக் பக்கமே அனுப்பாமல், பால்டிக் கடலில் பயிற்சிப் படகாக ஒதுக்கிவிட்டார்கள். மாலுமிகள் அதன் கோபுரத்தில் ஒரு அடைக்கோழிப் படம் வரைந்தார்கள். பெயரும் அதுவே ஆயிற்று.

அடைக்கோழி நான்கு வருஷம் போர் செய்தது. வெடிமருந்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய டார்பிடோ குண்டுகளை ஆயிரத்துக்கு மேல் சுட்டது. சுட்டதையெல்லாம் பின்னாலேயே போய்ப் பொறுக்கி வந்தது. மூழ்கடித்த கப்பல் ஒன்றுகூட இல்லை. சேதப்படுத்தியவை ஒரு படகுத்துறை, ஒரு மிதவை, ஒரு டேனிஷ் மீனவரின் வலை. அதில் பயிற்சி முடித்துப் போன பையன்கள் வேறு படகுகளில் ஏறிப் போனார்கள், பெரும்பாலும் திரும்பவில்லை. ஹென்னிங் ஒவ்வொரு கூட்டத்துக்கும் கடைசி நாளில் பன்றிக்கறி வறுத்துப் போடுவான். அந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறான், ஆனால் ஒரு தடவையும் விடவில்லை.

அறுபத்தேழு மீட்டர் நீளம், அதில் ஐம்பது ஆள். நெடுக ஒரே ஒரு நடைபாதை. கழிவறை இரண்டு. அதில் ஒன்று படகின் பின்பாதியில் சமையலறைக்கு எதிரே இருந்ததால் அது கழிவறையாக ஒருநாளும் இருந்ததில்லை. உள்ளே உருளைக்கிழங்கு மூட்டை, தொத்திறைச்சி, முட்டைக்கோஸ் ஊறுகாய் டப்பா எல்லாம் அடைத்து ஹென்னிங் பூட்டு போட்டிருந்தான். சாவி அவன் கழுத்தில். ஐம்பது பேருக்கு மிச்சமிருந்த ஒன்றின் முன்னால் வரிசை நின்றது. ஹென்னிங்கைப் பற்றி அந்த வரிசையில் பேசியதை இங்கே எழுத முடியாது.

படகில் ஹென்னிங் பயப்பட்ட ஒரே ஆள் பொறியாளர் க்ளாசன். நாற்பத்தொரு வயது, ஆஸ்துமாக்காரர் மாதிரி மெல்லிய குரல். தண்ணீருக்குள் படகு தராசுத்தட்டு மாதிரி நேராக நிற்க வேண்டும் என்பது அவருடைய மதம். முன்னால் எவ்வளவு எடை, பின்னால் எவ்வளவு எடை என்று நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்து, இருமுனைத் தொட்டிகளுக்கும் இடையே தண்ணீரை ஏற்றி இறக்கி, தினம் நடுப்பகலில் ஒரு முழுக்குப் போட்டுச் சரிபார்ப்பார். அதனால் ஹென்னிங் எந்த இடத்திலிருந்து எத்தனை கிலோ எடுத்துச் சமைத்தான் என்று தினம் அவரிடம் சொல்லியாக வேண்டும். சாப்பிட்ட உருளைக்கிழங்கு எங்கே போகிறது? சாப்பிட்டவன் வயிற்றுக்கு. அவன் எங்கே படுக்கிறான்? முன்னறையில். ஆகவே பின்பக்கம் இவ்வளவு குறைவு, முன்பக்கம் இவ்வளவு கூடுதல். இதை அவர் சிரிக்காமல் விளக்குவார். யாராவது ஒன்றுக்குப் போக எழுந்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும் என்று மாலுமிகள் அளப்பார்கள். அளப்புதான், ஆனால் முழு அளப்பு இல்லை.

நாற்பத்தைந்து மார்ச்சில் ருஷ்யப் பீரங்கிச் சத்தம் அடைக்கோழி நின்ற கோட்டென்ஹாஃபன் துறைமுகத்துக்கே கேட்க ஆரம்பித்ததும், பயிற்சிப் படகுகளெல்லாம் கீலுக்குக் கிளம்பு என்று உத்தரவு வந்தது. அதே வாரம், முன்கூட்டியே கீலுக்கு வந்துவிட்ட ஹென்னிங்கின் தங்கை வீப்கேயிடமிருந்து கடிதமும் வந்தது. அவள் கணவன் வால்டெமார் தான்ஸிக்கில் கசாப்புக்கடைக்காரன். கிழவன் முதல் குஞ்சு வரை பிடித்துத் துப்பாக்கி கொடுத்தபோது அவனையும் பிடித்திருந்தார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் வா, இல்லையென்றால் என் வாசலை மிதிக்காதே என்று எழுதியிருந்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

மாப்பிள்ளையை ஹென்னிங்குக்கு ஆகவே ஆகாது. வாயைத் திறந்தால் பெருமை, மூடினால் குறட்டை. கல்யாண விருந்தில் ஹென்னிங் சமைத்த சாற்றை ஊர் முன்னால் மோந்து பார்த்துவிட்டு, மச்சான், சட்டி கழுவின தண்ணியை மாத்தி ஊத்திட்டீங்க போல என்றவன். அது நடந்து ஒன்பது வருஷம். ஹென்னிங் மறக்கவில்லை.

அந்த வால்டெமார் ஒரு காலைப்பொழுதில் படகுத்துறையில் மீன்கூடைகளுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தான். துப்பாக்கி இல்லை, காகிதம் இல்லை. அவனுடைய பிரிவை முன்வரிசைக்கு ஓட்டிப் போனபோது இவன் பின்வரிசைக்கு ஓடிவந்துவிட்டான். ஊருக்குள் சாலையோர மரங்களில் அப்படி ஓடிவந்தவர்கள் கழுத்தில் அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தார்கள். மார்பில் சங்கிலிப் பட்டயம் மாட்டிய ராணுவப் போலீஸ், ஊரார் சங்கிலி நாய் என்று கூப்பிடுகிறவர்கள், துறைமுகம் முழுக்க மோப்பம் பிடித்துத் திரிந்தார்கள். பிடிபட்டால் இவனுக்குக் கயிறு. ஒளித்து வைத்தவனுக்கும் அதே கயிறு.

ஹென்னிங்குக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "மாப்பிள்ளை, நீங்க எவ்ளோ எடை இருப்பீங்க?" என்று கேட்டான்.

"எண்பத்திநாலு. ஏன் மச்சான்?"

கிடங்குக் கழிவறையிலிருந்து இரண்டு மூட்டை உருளைக்கிழங்கை, நூறு கிலோவை, ஹென்னிங் வெளியே இழுத்தான். துறையில் காத்துக்கிடந்த அகதிப் பெண்களுக்கு அதை அப்படியே கொடுத்தான். ஒரு கிழவி அவன் கையைப் பிடித்து முத்தமிட்டு, நீ பரலோகம் போவாய் என்றாள். சீக்கிரமே போவேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மாலுமிகள் மூட்டையும் பெட்டியும் ஏற்றுகிற சந்தடியில் மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் கறைச் சட்டை ஒன்றை மாட்டி, தலையில் ஒரு பெட்டியை வைத்து உள்ளே கொண்டுவந்து, காலியான இடத்தில் திணித்துப் பூட்டினான். உட்கார வசதி இருந்தது, உபயோகிக்க வசதி இல்லை. எந்தக் கைப்பிடியையாவது தொட்டால் பால்டிக் கடல் முழுவதும் உள்ளே வரும் என்று மிரட்டி ஒரு காலி ஊறுகாய் டப்பாவைக் கொடுத்தான்.

முதல் நாள் முழுக்கு அருமையாக இருந்தது. எடைக்கு எடை சரியாகிவிட்டதே, க்ளாசனுக்கு என்ன தெரியும்? அதற்குப் பிறகுதான் ஹென்னிங் சமையல்காரனுக்கே உரிய தப்பைச் செய்தான்.

அந்த ஊர்க்காரர்களுக்கு மத்தியானம் உருளைக்கிழங்கு இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை. உருளைக்கிழங்கு ஏன் இல்லை என்று ஒருவன் கேட்டால் கிடங்கைத் திறக்கச் சொல்வார்கள். அதனால் முன்னறையில் கிடந்த டர்னிப் கிழங்கை எடுத்து, மசித்து, மிளகு போட்டு ஏமாற்றிவிட்டு, பொறியாளரிடம் மட்டும், கிடங்கிலிருந்து உருளைக்கிழங்கு இருபத்தைந்து கிலோ என்று கணக்குச் சொன்னான். வாயால் சொல்வதுதானே, யார் எடை போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தான்.

படகு எடை போட்டுப் பார்த்தது. நோட்டுப்படி பின்பக்கம் இருபத்தைந்து கிலோ குறைய வேண்டும், குறையவில்லை. நோட்டில் இல்லாமல் முன்பக்கம் இருபத்தைந்து கிலோ டர்னிப் குறைந்திருந்தது. இரண்டாம் நாள் போர்ன்ஹோம் தீவுக்குக் கிழக்கே முழுக்குப் போட்டபோது அடைக்கோழி வாலைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

க்ளாசன் நோட்டோடு சமையலறைக்கு வந்தார். பயிற்சிப் பையன்கள் இரண்டு நாளாக டர்னிப் தின்பதாகப் புலம்பியதையும் வழியில் காதில் வாங்கியிருந்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அஞ்சு அப்பம் ரெண்டு மீன் கதை கேட்டிருக்கியா, ப்ராட்?" என்றார். "அதுல திங்கத் திங்கக் குறையல. உன் உருளைக்கிழங்கும் திங்கத் திங்கக் குறையல. ஆனா அங்க ஜனங்க சாப்பிட்டாங்க. இங்க அதுவும் இல்ல."

ஹென்னிங் ஈரம், மண், மூட்டையின் கனம் என்று வாய்க்கு வந்ததை உளறினான். க்ளாசன் பொறுமையாகக் கேட்டார். படகின் உணவைத் திருடி விற்கிறவனுக்கும் இப்போது மரணதண்டனைதான் என்பதை நினைவூட்டினார். மூன்று மணிக்குத் தராசு கொண்டுவருகிறேன், கிடங்கைத் திறந்து வை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவுக்கு அந்தப் பக்கம் வால்டெமாரின் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. இரண்டு நாளாக எஞ்சின் சத்தத்தில் அமுங்கிக்கிடந்த குறட்டையும் இல்லை, பேச்சும் இல்லை. திருடன் என்று ஒத்துக்கொண்டால் மாப்பிள்ளை தப்புவானா என்று ஹென்னிங் யோசித்துப் பார்த்தான். ஒத்துக்கொண்டாலும் கதவைத் திறந்து காட்டத்தானே சொல்வார்கள்? மணி இரண்டரை. சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டான். கடைசியில், கதவுக்குள் இருப்பவன் கொஞ்சமாவது காற்று வாங்கட்டும் என்று பூட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தான்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேலே காவலில் இருந்தவன் விமானத்தைப் பார்த்தான். அபாய மணி அடித்தது.

அவசர முழுக்கில் ஒரு வழக்கம் உண்டு. தொட்டிகளில் தண்ணீரை விட்டால் மட்டும் போதாது, மூக்குக் குத்திச் சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதற்காக, கையில் வேலை இல்லாத எல்லாரும் படகின் முன்முனைக்கு ஓட வேண்டும். ஓடுகிற மனிதர்கள்தான் அங்கே பாரம். பேச்சுக் குழாயில் கேப்டனின் குரல் வந்தது:

"எல்லாரும் முன்னால! ஓடு!"

நடைபாதையில் பூட்ஸ் கால்கள் தடதடத்தன. ஹென்னிங் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினான். கிடங்குக் கதவு படாரென்று திறந்தது. ஊறுகாய் வாடையோடு வால்டெமார் வெளியே பாய்ந்து, முட்டியை மடக்கி, தலையைத் தாழ்த்தி, மற்றவர்களோடு முன்னால் ஓடினான். ராணுவத்தைவிட்டு ஓடிவந்தவன், இருபது வருஷமாக எந்த மேலதிகாரியையும் மதிக்காதவன், எல்லாரும் என்ற சொல்லைக் கேட்டதும் தானும் அந்த எல்லாரில் சேர்த்தி என்று நினைத்துவிட்டான். அந்தச் சொல்லை அந்தக் குரலில் கேட்டால் அந்த நாட்டில் பிணம்கூட எழுந்து ஓடும். கட்டுப்பாட்டு அறையில் நின்ற க்ளாசனைக் கடந்து, கேப்டனைக் கடந்து, வட்டக் கதவுகளில் வயிறு சிக்கச் சிக்க, முன்னறைக்குப் போய்ப் பையன்கள் மேல் விழுந்தான். பின்னாலேயே ஹென்னிங்கும் ஓடிவந்து சேர்ந்தான்.

அடைக்கோழி அன்றைக்கு மூழ்கிய வேகத்தில் அதற்கு முன்பும் பின்பும் மூழ்கியதில்லை. குண்டு இரண்டு விழுந்தது, தூரத்தில். நாற்பது மீட்டரில் படகு நின்றது, மூக்கைத் தொங்கப் போட்டபடி.

கேப்டன் ஹோல்ஸ்ட் முன்னறைக்கு வந்தார். இருபத்துநான்கு வயது, கண்ணுக்குக் கீழே நாற்பது. பையன்கள் வழி விட்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த வால்டெமார் எழுந்து நிற்கப் பார்த்து, தலையில் இடித்துக்கொண்டு, குனிந்தபடியே நின்றான்.

"யாருய்யா நீ?"

வால்டெமார் ஒரு நொடி ஹென்னிங்கைப் பார்த்தான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டான். "நானாத்தான் ஏறினேன், கேப்டன். காவல்காரன் அசந்த நேரமா பாத்து உள்ள நுழைஞ்சு ஒளிஞ்சுக்கிட்டேன். இந்தச் சமையல்காரருக்கு ஒண்ணும் தெரியாது. இதுக்கு முன்னாடி அவர் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

ஒன்பது வருஷமாக ஹென்னிங் கேட்ட பொய்களெல்லாம் அந்த ஆள் தனக்காகச் சொன்ன பொய்கள். மற்றவனுக்காகச் சொன்ன முதல் பொய் இது. நன்றாகவும் சொல்லிவிட்டான். ஹென்னிங் தலையை ஆட்டினால் போதும். கயிறு மாப்பிள்ளை ஒருவனோடு முடிந்துவிடும். தலை ஆடத்தான் பார்த்தது. ஆனால் அந்தத் தடியன் குனிந்த தலையோடு, அழாமல் நிற்பதைப் பார்த்ததும் ஹென்னிங்குக்கு இத்தனை வருஷத்தில் வராத கோபம் வந்தது. சட்டி கழுவின தண்ணியைவிட இது பெரிய அவமானம்.

"பொய் சொல்றான், கேப்டன்" என்றான். "இந்தாளு வாயத் தொறந்தாலே பொய்தான். இவன் என் தங்கச்சி புருஷன். நான்தான் ஏத்தினேன்."

ஹோல்ஸ்ட்டின் முகத்தில் ரத்தம் இல்லை. சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியும், பின்னால் நின்ற பையன்களுக்கும் தெரியும். அப்போது க்ளாசன் நோட்டோடு உள்ளே நுழைந்தார்.

"கேப்டன், என்ன முடிவு வேணா எடுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு இவரோட எடை வேணும். படகு இன்னும் நேரா நிக்கல."

"எண்பத்திநாலு" என்றான் வால்டெமார்.

க்ளாசன் படகின் சாய்வைக் காட்டுகிற சாய்மானி முள்ளைத் திரும்பிப் பார்த்தார். "மறுபடி சொல்லுங்க."

"நூத்தி நாலு."

க்ளாசன் எழுதினார். கூட்டினார். முகத்தில் இரண்டு நாளாக இல்லாத நிம்மதி வந்தது. தினம் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் திறந்து நோட்டை நீட்டினார். ஹோல்ஸ்ட் வாசித்தார். சமையலறைக் கிடங்கிலிருந்து முன்னறைக்கு மாற்றியது: உருளைக்கிழங்கு, நூற்று நான்கு கிலோ. ஒரு வரிதான். அதை அவர் ஒரு நிமிஷம் வாசித்திருப்பார். பிறகு பென்சிலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"உருளைக்கிழங்கை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார். "கீல் போனதும் இறக்கிடுங்க. ப்ராட், சூப்புல உப்பு ஜாஸ்தி."

கீலில் இறக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. படகுத்துறையிலும் சங்கிலி நாய்கள் இரண்டு நின்றன. வால்டெமாருக்குப் படகுச் சட்டை மாட்டி, முகம் மறைய டர்னிப் மூட்டையைத் தோளில் ஏற்றி, மூட்டை சுமக்கிற ஆறு பேருக்கு நடுவில் விட்டார்கள். பலகையிலிருந்து காலை எடுத்து வைத்த இடத்தில், ஏய் குண்டா, காகிதம் எங்கே என்று ஒரு போலீஸ்காரன் கையை நீட்டினான். வால்டெமார் உறைந்துபோனான்.

அவனுக்குப் பின்னால் வந்த ஹென்னிங் வாயைத் திறந்தான். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த வாயில் இருந்தது. தடிமாடே, சோத்துமூட்டையே, நின்று நின்று ஆடி அசைகிறாயே, கிழங்கு அழுகிப் போச்சுன்னா உன் தொடைக்கறியைத்தான் வறுப்பேன் என்று தொடங்கி, மாப்பிள்ளையின் தகப்பனார், கடை, குறட்டை, கல்யாணத்தன்று ஆடிய ஆட்டம் வரை ஒன்றையும் விடாமல் கத்தி, பின்னாலிருந்து ஒரு உதையும் கொடுத்தான். இப்படிப் பாசாங்குக்காக யாரும் திட்ட முடியாது. போலீஸ்காரன் கண்ணில் நீர் வரச் சிரித்து, போ போ, அந்த ஆள் கையில் மாட்டாதே என்று வழி விட்டான். உதை மட்டும் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது என்பதை ஹென்னிங் எப்போதும் ஒப்புக்கொண்டான்.

மே மாதம், சரணடைவதற்கு முந்தின நாள், அடைக்கோழியை, எதிரி கைக்குப் போகக்கூடாது என்று, அதன் ஆட்களே ஒரு வளைகுடாவில் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். க்ளாசன் கடைசிக் கணக்கையும் போட்டு நேராகத்தான் இறக்கினார். ஹென்னிங் பழைய ரயில் நிலைய உணவகத்துக்கே திரும்பினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறுகளில் தங்கை வீட்டுச் சாப்பாடு, பிறகு மாப்பிள்ளையோடு முக்குக்கடையில் பீர். அங்கே வால்டெமார் தன் நீர்மூழ்கி வாழ்க்கையைப் பற்றி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பான். ஹென்னிங் சன்னல் வழியே டிராம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஐம்பத்துநான்கில் ஒரு ஞாயிறு, டீட்யென் என்பவர் பக்கத்து மேசையிலிருந்து காது கொடுத்துக் கேட்டார். அவர் அட்லாண்டிக்கில் ஓடிய படகுக்காரர். அவர் படகில் போன நாற்பத்தெட்டுப் பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். நீங்கள் எந்தப் படகு, என்ன வேலை, அவசர முழுக்கில் உங்கள் இடம் எது என்று மெதுவாகக் கேட்டார். முதல் இரண்டுக்கு வால்டெமார் மழுப்பினான். மூன்றாவதற்கு, முன்னால ஓடினேன், எல்லாரோடயும் ஓடினேன் என்றான்.

டீட்யென் ஹென்னிங் பக்கம் திரும்பினார். "நீதான் நெஜமா அதுல இருந்தவன்னு சொல்றாங்க. நீ சொல்லுப்பா. இவர் உங்க படகு ஆளா, இல்லையா?"

வால்டெமார் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

"ஆளுதான்" என்றான் ஹென்னிங். "ஏறினாரு, உசுரோட இறங்கினாரு. அந்தச் சண்டையில எங்க படகு உருப்படியா செஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

டீட்யென் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்து, அந்த முழுக்கைப் பற்றி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.